அவ யெஸ் சொன்னவ, அம்மா

தம்பி,

நாம் தொலைபேசியில் பேசி இன்றைக்கு ஐந்து நாள் ஆகிறது. நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "கடிதம் என்ன கடிதம், ஒரு கோல் எடுத்துக் கதையுமன்" என்கிறார் அப்பா. கோல் எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அந்தப் பள்ளிக்கூட அதிபர்க் குரலில் "அம்மா, லிஸன்" என்று தொடங்குவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு, இதை நீ மட்டும் வாசிக்கப் போவதுமில்லை. நீ அதிபரான கிழமை மாதா கோயில் மண்டபத்தில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவள் நான். அன்று கைதட்டியவர்களுக்கு இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆகவே தமிழ்ப் பூசைக்கு வரும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இதே கடிதத்தைப் போடுகிறேன். உன் பெயரோ பள்ளிக்கூடத்தின் பெயரோ இதில் இல்லை. இதில் வரும் ஒரு தாயின் பெயரையும் அவளுடைய மகளின் பெயரையும் அவர்களைக் கேட்டே மாற்றியிருக்கிறேன். உன்னை மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு வருடமாக அந்த விளம்பரத்தைச் செய்தவளே நான்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய். இந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் இரண்டு தேத்தண்ணி குடித்தேன், வேறு சொல் கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. கோபம் என்றால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். கவலை என்றால் பூசையில் இருந்து அழுதிருப்பேன். இது அப்படியில்லை. இந்த ஐந்து நாளும், நகரத்தின் மேற்கில் நாங்கள் இருக்கும் இந்த ட்ருகனினாவில் தமிழ் ஆட்கள் யாரைக் கடையில் கண்டாலும், சாமான் தட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

வாசிக்கும் மற்றவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஜெசிந்தா என்று இங்கே நான் பெயர் வைத்திருப்பவள் முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு எட்டு வருடம் சமையல் வேலை செய்தவள். மன்னார்ப் பக்கம். அவளுடைய ஆங்கிலம் குசினிக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமானது. அவளுடைய மகள் நிரோஷாந்தினி, வீட்டில் நிரோ, உன் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு. பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன், நீளத்தை மாற்றவில்லை. அந்தப் பிள்ளையை அங்கே எல்லோரும் 'நிக்கி' என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளையும் பேசாமல் இருந்துவிட்டது. பிறகு நீ வந்தாய். முதல் அசெம்பிளியில் உன்னுடைய பெயரை, நம்முடைய அந்தப் பன்னிரண்டு எழுத்துக் குடும்பப் பெயரை, ஒரு எழுத்தும் குறைக்காமல் சொல்லி அறிமுகம் செய்தார்களாம். அந்தக் கிழமையே நிரோ தன்னுடைய வகுப்பு ரீச்சரிடம் போய், இனிமேல் தன் பெயரை முழுதாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை கை உயர்த்திக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். கணிதத்தில் கடைசி வரிசையிலிருந்து மெல்ல மேலே வந்து, மெதட்ஸ் என்ற கடினமான கணிதம் எடுக்கப்போவதாகத் தானே வந்து சொன்னாள். "அக்கா, உங்கட மகனைப் பாத்துத்தான் பிள்ளை இப்பிடி மாறினவள்" என்று ஜெசிந்தா என் கையைப் பிடித்துச் சொன்னபோது, உன்னைப் பெற்ற வலியெல்லாம் அன்றுதான் தீர்ந்தது போல இருந்தது.

அந்தப் பிள்ளைக்குப் பொறியியல் படிக்க ஆசை. மெதட்ஸ் என்கிற அந்தக் கணிதப் பாடம் இல்லாவிட்டால் நேராக அதற்குப் போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். இதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, பல்கலைக்கழக விபரமெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் நீதான். இந்த வருடம் அரையாண்டுச் சோதனையில் அவள் கொஞ்சம் சறுக்கிவிட்டாள். பெயில் இல்லை, சறுக்கல். மூன்று கிழமைக்கு முன் தாயைக் கூப்பிட்டீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நீயும் பாடப் பொறுப்பாசிரியரும். இந்தப் பக்கம் ஜெசிந்தா, குசினி உடுப்போடு, வேலை முடிந்து நேராக வந்தவள். அந்த ஆசிரியர் வேகமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு மெதட்ஸை விட்டு லேசான ஜெனரல் கணிதத்துக்கு மாறுவதுதான் பிள்ளைக்கு நல்லது, மன அழுத்தம் குறையும், தன்னம்பிக்கை வளரும் என்று. ஜெசிந்தா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டி "யெஸ்... யெஸ்... ஓகே... யெஸ்" என்று சொல்லியிருக்கிறாள்.

தம்பி, அந்த 'யெஸ்' என்ன என்று உனக்குத் தெரியும். நாம் ஒருவர் கதைக்கும்போது சும்மா இருக்க மாட்டோம். "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டே இருப்போம். நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கோ என்பதுதான் அதற்கு அர்த்தம். சம்மதம் என்பது கடைசியில், யோசித்து, வீட்டில் கதைத்து, பிறகு வருவது. அந்த 'ஓம்'தான் ஜெசிந்தாவின் வாயில் ஆங்கிலமாகி 'யெஸ்' ஆனது. அந்த ஆசிரியருக்கு அது தெரிய நியாயமில்லை, அவர் மேல் எனக்குக் கோபமுமில்லை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நீ. நீ ஒரு வார்த்தை தமிழில் கதைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்கவில்லை. படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாய், அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து நடைபாதையில் வைத்து, "தம்பி, அப்ப பிள்ளை எஞ்சினியரிங் செய்யலாம் தானே?" என்று உன்னைத் தமிழில் கேட்டிருக்கிறாள். நீ ஆங்கிலத்தில், "தெயர் ஆர் மெனி பாத்வேஸ்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவள் அந்தச் சொல்லை பஸ் முழுக்க மறக்காமல் வாயில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள். "அக்கா, பாத்வேஸ் எண்டா என்ன? நல்லதோ?"

நான் நல்லது என்றுதான் சொன்னேன். என்னையும் சேர்த்தே இதில் எழுத வேண்டும். மீற்றிங்குக்கு முதல் நாள் ஜெசிந்தா பயந்துபோய் என்னிடம் வந்தவள். நான் என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? "என்ர மகன் தானே அங்க இருக்கிறான். அவன் சொல்லுறதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ." நம்முடைய ஆள் ஒருவன் அந்தக் கதிரையில் இருக்கிறான் என்றால் நாம் இனி யோசிக்கவே தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். வேறு ஒருவர் அங்கே இருந்திருந்தால் நானும் அவளோடு போயிருப்பேன், பேப்பரை வீட்டுக்குக் கொண்டு வந்து வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து என்று சொல்லியிருப்பேன். நீ இருந்தபடியால் ஒன்றும் செய்யவில்லை. அவளை உன் கையில் பிடித்துக் கொடுத்தது போல அனுப்பியவள் நான்.

பிறகு பள்ளிக்கூடத்து இமெயில் வந்தது. 'கூட்டத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டபடி' என்று தொடங்கியது. நிரோ அதை வாசித்துவிட்டுத் தாயோடு மூன்று நாள் பேசவில்லையாம். "நீங்கதானே ஓம் எண்டு சொன்னனீங்கள்" என்று கேட்டிருக்கிறாள். தாய் தான் அப்படிச் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணுகிறாள், மகள் கையெழுத்தைக் காட்டுகிறாள். அந்த வீட்டில் அந்தச் சண்டையை மூட்டியவன் நீ. நான் உனக்குக் கோல் எடுத்தேன். மாணவர்களின் விடயம் வெளியாரோடு கதைக்க முடியாது என்றாய். சரி, அது சட்டம், நான் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் நான் கேட்டேன், "அவ சம்மதிச்சு ஓம் எண்டு சொல்லேல்ல எண்டு உனக்கு விளங்கேல்லையா?" நீ சொன்னாய்: "அவ யெஸ் சொன்னவ, அம்மா. சைனும் வச்சவ."

அந்தப் பதிலைக் கேட்டதும் நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்கு விளங்கியிருக்கும், விளங்காவிட்டால் நான் நினைவுபடுத்துகிறேன். உனக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்கு வெயார்ஹவுஸில் ஷிப்ட், ஆகவே நான் மட்டும்தான் உன்னோடு வந்தேன். உன் ஆங்கிலம் போதாது என்று உன்னைக் கீழ்க் கணித வகுப்புக்கு மாற்றப் போவதாக அந்த ரீச்சர் சொல்லிக்கொண்டு போனா. நான் பாதி விளங்கி, பாதி விளங்காமல், "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவ எழுதத் தொடங்கினா. நீ கதிரையை விட்டு எழும்பினாய். "மிஸ், ஷீ இஸ் நொட் சேயிங் யெஸ். ஷீ இஸ் சேயிங் ஷீ இஸ் லிஸனிங்" என்றாய். அந்த ரீச்சர் எழுதுவதை நிறுத்தினா. என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டா. மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் அப்படி யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. உனக்கு ஒரு தவணை அவகாசம் தந்தார்கள். மிச்சம் உனக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன்? காருக்குள் ஏறியதும் உன்னை ஏசினேன். "ரீச்சர் கதைக்கேக்க குறுக்க கதைக்கிறதே? ஆர் உனக்குப் பழக்கினது?" என்று கத்தினேன். வெட்கமாக இருந்தது எனக்கு. உன்னை நினைத்து வெட்கமா, என்னை நினைத்தா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் விடியவே எழும்பி முப்பது மீன் ரோல்ஸ் சுட்டு, ஒரு பெட்டியில் போட்டு, ரீச்சரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் நீ உண்மையைச் சொன்னாய். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம், "மை மம் மேட் லஞ்ச்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாயாம். அதைக் கேட்டு நானும் அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. அன்று உன்னைக் கட்டிப்பிடித்து நல்ல வேலை செய்தாய் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கதிரையில் இருப்பவருக்கு முன்னால் வாயை மூடு என்று பழக்கினேன். நீ அப்போது அதைக் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறாய் போலத்தான் இருக்கிறது.

உன்னுடைய முதுகலைப் படிப்புக்கு நீ எழுதிய பெரிய கட்டுரை நினைவிருக்கிறதா? எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பேப்பர். அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களில், அந்தச் சமூகத்து ஆட்களே அதிபராகவும் உப அதிபராகவும் வந்தால் பிள்ளைகளின் படிப்பு எப்படி மாறுகிறது என்று எழுதினாய். அங்கேயும் நம்மைப் போல வீட்டில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷை, தாய்க்கும் ரீச்சருக்கும் நடுவில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னாய். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டேன், "அப்ப எங்கட ஆள் ஒராள் மேல போனாக் காணும், அது போதும் எண்டுறாய்?" நீ பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாய், "காணாது அம்மா. போட்டோவில தெரியிறதுக்கு ஆள் தேவையில்லை. அந்த வீடுகள் எப்பிடி எண்டு தெரிஞ்ச ஆள் தேவை. தெரிஞ்சதை அங்க பாவிக்கவும் வேணும்." எவ்வளவு தெளிவாகச் சொன்னாய்! அந்த வசனத்தைத்தான் நான் கோயில் மண்டபத்தில் மைக்கில் சொன்னேன். பாதி ஆட்களுக்கு அது இன்னும் மனப்பாடம். உனக்குத்தான் மறந்து போனது.

உன் பக்க நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். அதே கோலில், அந்த 'யெஸ்' கதைக்கு முன்பே, அதையும் நீ சொல்லியிருந்தாய். மெதட்ஸில் நாலைந்து பிள்ளைகள் குறைவாக எடுத்தால் பள்ளிக்கூடத்தின் சராசரி இறங்கும், அது பேப்பரில் வரும், மேலிடம் கேள்வி கேட்கும் என்றாய். இந்தப் பக்கத்தில் நம்மைப் போல ஒருவன் அதிபராக வந்தது இதுதான் முதல் தடவை, நான் விழுந்தால் அடுத்தவனுக்கு இந்தக் கதவு திறக்காது என்றாய். இது பொய் என்று நான் சொல்லவில்லை. உன்னை எல்லோரும் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மற்ற அதிபர்களுக்குப் பொறுக்கிற பிழையை உனக்குப் பொறுக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். நீ இளைத்துப் போயிருக்கிறாய், அதையும் பார்க்கிறேன். ஆனால் தம்பி, வெள்ளைக்கார அதிபர் ஒருவர் இருந்திருந்தால் ஜெசிந்தா சந்தேகப்பட்டிருப்பாள். பேப்பரை வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பாள். நிரோ மெதட்ஸில் இருந்திருப்பாள். நம்முடைய ஆள் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் அந்தக் கையெழுத்தை நீ வாங்கினாய். வேறு யாராலும் அவ்வளவு லேசாக வாங்கியிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. போன வருடம் நீ கிளென் வேவர்லியில் வீடு வாங்கினாய். பேரனுக்கு ஐந்து வயது. அந்த வீதியில் இருந்தால்தான் அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று சொன்னாய். நீ அதிபராக இருக்கும் பள்ளிக்கூடம் மேற்கில், உன் பிள்ளை படிக்கப்போவது நகரத்தின் மற்றக் கரையில். நான் ஒன்றும் சொல்லவில்லை, எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்கு நல்லதைத்தான் பார்ப்பான். ஆனால் உன் மகனுக்கு ஒரே பாதை போதும் என்று அதன் வாசலிலேயே போய் வீடு வாங்கினாய். ஜெசிந்தாவின் மகளுக்கு மட்டும் மெனி பாத்வேஸ்.

நிரோ கெட்டிக்காரிதான், ஆனால் மெதட்ஸில் கட்டாயம் வெல்வாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் தோற்கவும் கூடும். தோற்றால் அது அவளுடைய தோல்வியாக இருக்கட்டும், தாயின் தலையாட்டலாக இருக்கக் கூடாது. பாடம் மாற்றுவதற்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. கையெழுத்தை மீளப் பெறுவதாக ஜெசிந்தா தமிழில் சொல்லச் சொல்ல, நிரோ ஆங்கிலத்தில் அடித்து, நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை பின்னேரம் மூன்றே முக்காலுக்கு உன்னோடு மீற்றிங் கேட்டிருக்கிறோம். தாயோடு துணைக்கு ஒருவர் வரலாம் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது, நிரோ தேடிக் காட்டினாள். அந்தத் துணை நான்தான். நீ தமிழில் கதைக்க வேண்டும் என்று கெஞ்ச வரவில்லை. மொழிபெயர்ப்பாளரையும் கேட்டிருக்கிறோம், யாரோ ஒரு பிள்ளை தொலைபேசி வழியாக வருமாம்.

இன்று காலை என் பெயரைப் பதிவதற்குப் பள்ளிக்கூட ஒபிஸுக்கு நானே கோல் எடுத்தேன். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கதைத்தாள். பெயரைக் கேட்டாள், எழுத்துக் கூட்டிச் சொன்னேன், பன்னிரண்டு எழுத்தும். எழுதி முடித்துவிட்டுச் சந்தோஷமாக, "ஓ, எங்கள் பிரின்சிபலின் பெயர்தானே இது! நீங்கள் அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டாள்.

நான் "நோ" என்று சொன்னேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். புதன்கிழமை நீ அந்தப் பேப்பரைப் பார்ப்பாய்.